பக்கத்துக் குழியில் ஒரு துளி

போன வியாழக்கிழமை சாயங்காலம் என் மனைவி கலாவை அழைத்து வரப் போயிருந்தேன். ஜொகூர் பாருவில் உணவுப் பொருள்களைச் சோதிக்கும் ஒரு தனியார் லேப்பில் அவளுக்கு வேலை. வழக்கமாக வாசலில் நிற்பாள். அன்று ஆளைக் காணோம். போன் செய்தேன்.

"உள்ள வாங்க, ஒன்னு காட்டணும்" என்றாள்.

பதினாறு வருஷத்தில் என்னை உள்ளே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை!

விஷயம் இதுதான். செடெனாக் என்ற ஊரில் ஆடு வளர்க்கும் ஒருவர் தன் பாலைச் சோதிக்கக் கொடுத்திருந்தார். மாட்டுப் பால் கலக்கிறார் என்று சந்தேகப்பட்டு, கடைக்காரர் வாங்குவதை நிறுத்திவிட்டாராம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஜெல் என்று ஒன்று — ஜெல்லி மாதிரி மெல்லிய தகடு. மேல் ஓரத்தில் சின்னச் சின்னக் குழிகள். ஒன்றில் ஆட்டுப் பால், பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டுப் பால். மின்சாரம் விட்டால் பாலில் உள்ள புரதங்கள் பிரிந்து கீழே ஓடும். சின்னது வேகமாக, பெரியது மெதுவாக. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. நீலச் சாயத்தில் ஊறவைத்து அலசினால்தான் கோடு கோடாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை தெரிந்தது. ஆட்டுப் பால் வரிசையில், மாட்டுப் பாலுக்கே உரிய கோடு. மங்கலாக… ஆனால் இருந்தது.

ரிப்போர்ட் தயார். கலாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. மாட்டுப் பாலைக் குழியில் விடும்போது கை லேசாக ஆடியது அவளுக்கு ஞாபகம். ஒரு துளி பக்கத்துக் குழிக்குள் போயிருந்தால்? வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அதுவும் பதவி உயர்வுப் பேச்சு நடக்கிற நேரம்.

நேராக மேலதிகாரியிடம் போய், தன் கை தவறியிருக்கலாம், ரிப்போர்ட்டை அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவர் முகம் சுளித்தாராம். ஆனாலும் மறுபடி செய்யச் சொல்லிவிட்டார்.

நான் போனபோது புது ஜெல் விளக்குப் பெட்டியின் மேல் இருந்தது. ஓரத்தில் மாட்டுப் பாலின் கோடுகள். நடுவே இரண்டு குழிகளைக் காலியாக விட்டிருந்தாள். அப்புறம் ஆட்டுப் பால் — மாட்டுப் பாலின் கோடு வரும் இடத்தில் ஒன்றுமே இல்லை. சுத்தம்.

"அன்னைக்கே அனுப்பியிருந்தா, அந்த மனுஷன் திருடனாயிருப்பாருங்க" என்றாள்.

காரில் ஏறியதும், "உன்னை நினைச்சா பெருமையா இருக்கு" என்றேன்.

சனிக்கிழமை ஆட்டுக்காரர் லேப்புக்குப் போன் செய்தாராம். கடைக்காரர் மறுபடி பால் எடுக்கிறாராம். பதவி உயர்வு? இன்னும் தெரியவில்லை.

நானும் வாராவாரம் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். வாசகர்கள் நீங்கள் தவறைச் சுட்டிக்காட்டிய போதெல்லாம் 'அச்சுப் பிழை' என்று சமாளித்திருக்கிறேன், இல்லையா?

அதெல்லாம் என் பிழைதான்.