அறுகில்லாத சதுர்த்தி

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுக் கப்பலேறிய பின்னும், அதன் புல்வெளி எங்கள் கோயில் தலைவரின் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. கடற்படைத் தளத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். ஓர்ஸ் ஹில்லில் அதிகாரிகளின் பங்களா முற்றங்களைப் பார்த்துப் பழகியவருக்கு, பிள்ளையாரின் நந்தவனமும் அவ்வாறு மழித்துவிட்டாற்போல் இருந்தால்தான் சிவலோகத்தில் மதிப்புக் கிடைக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

பூசைக்குப் பூவும் பத்திரமும் எடுத்துக் கொடுக்கும் தொண்டு அப்போது என்னுடையது. வேலியோரம் தும்பையும் எருக்கும், நடைபாதை நெடுக அறுகம்புல்லும் நந்தவனத்தில் தாமாகவே முளைத்துக் கிடந்தன. ஒரு வெள்ளிக்கிழமை தலைவர் ஆட்களைத் திரட்டி அவற்றையெல்லாம் கொத்தத் தொடங்கினார். அதற்கு உழவாரத் தொண்டு என்று பெயரும் சூட்டினார். நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டால் எந்த அழிவும் தொண்டாகிவிடும் போலும்.

"அறுகையாவது விடுங்கோ, சதுர்த்திக்கு வேணும்" என்றேன்.

"களைக்கும் வக்காலத்தோ? நீங்கள் பூவைப் பாருங்கோ. தோட்டத்தை நான் பாக்கிறன்."

மண்ணை அரித்து, வேரைப் பொறுக்கி எரித்து, பங்களாப் புல்லைப் பதித்தார்கள். களையிடம் மனிதர் கற்க ஏதும் உண்டென்றால் அது இதுதான்: எது களை என்பதை மண்வெட்டிக்கு உரியவன் தீர்மானிக்கிறான்; சாமியைக்கூடக் கேட்பதில்லை.

ஆவணிச் சதுர்த்தி வந்தது. வறண்டு வீசும் கச்சான் காற்றில் ஊரே காய்ந்து கிடந்தது. தெருத்தெருவாக அலைந்தும் ஒரு பிடி அறுகு எனக்குக் கிடைக்கவில்லை. அறுகின்றிப் பிள்ளையாருக்கு அருச்சனை ஏது? வெறுந்தட்டுடன் நான் நிற்க, தலைவர் பங்களாப் புல்லில் ஒரு கட்டு அறுத்து வந்து நீட்டினார்.

"இதைச் சாத்த ஏலாது" என்றார் ஐயர்.

"ஏன் ஐயர், இதுவும் பச்சைதானே?"

"அப்ப குளத்துப் பாசியையும் அள்ளிக்கொண்டு வாங்கோ. அதுவும் பச்சைதான்."

பெண்கள் பக்கமிருந்து தலைவரின் மனைவி எழுந்து வந்தார். "ஏனப்பா முழிச்சுக்கொண்டு நிக்கிறியள்? எங்கட கிணத்தடி வாய்க்கால் முழுக்க அறுகுதானே! துப்பரவாக்குங்கோ எண்டு சொல்லிச் சொல்லி என்ர தொண்டை வத்திப்போச்சு."

சிரிப்பை அடக்கச் சிலர் தேவாரம் முணுமுணுத்தனர். நான் ஓடிப்போய்ப் பிடுங்கி வந்தேன். பூசை நடந்தது. அறுகு தந்த உபயகாரர் என்று, கோயில் மரியாதையான காளாஞ்சித் தட்டு தலைவருக்கே போயிற்று. அவரும் கூசாமல் இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அதோடு நின்றதா? பிரசாதம் வழங்குமுன் எழுந்து, அறுகின் பணிவைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். மிதித்தாலும் தழைக்கும், வெட்டினாலும் துளிர்க்கும், நாமும் அதுபோல் வாழவேண்டும் என்றார். வெட்டியவர் எவரென்று சொல்லவில்லை. சபை உருகிக் கைதட்டியது.

கூட்டம் கலைந்ததும், நந்தவனத்தில் அறுகுக்கு ஒரு பாத்தியாவது தரும்படி கேட்டேன்.

"பாப்பம்" என்றார், புல்வெளிக்குத் தண்ணீர் விடச் சொல்லிக்கொண்டே.

அடுத்த சதுர்த்திக்கும் அவர் வீட்டுக் கிணற்றடியில் குந்தியிருந்துதான் நான் அறுகு பிடுங்கினேன்.