முயல் கண்ணில் நெளிந்த புழு

எண்பதுகளில், புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்துக் கொல்லையில் நான் ஒரு வெள்ளை முயல் வளர்த்தேன். ஒருநாள் அதன் இடது கண் வீங்கிக்கொண்டது. நீர் வடிந்து, பீளை கட்டி, ஈ மொய்த்தது. அம்மா காரணம் தேடவே இல்லை.

"புள்ள இல்லாதவ தெனமும் வந்து கொஞ்சுறா. அவ கண்ணுதான் பட்டிருக்கு" என்றார்.

பக்கத்து வீட்டு அக்காவைத்தான் சொன்னார். பால்வெட்டு முடிந்த களைப்போடும் முயலுக்குக் கங்குங் கீரை பறித்து வருபவர் அவர் ஒருவர்தான். அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து முயலைச் சுற்றி அடுப்பில் போட்டார். நெடியே வரவில்லை. நெடி வராவிட்டால் கண்ணேறு உறுதியாம். அன்று மாலையே குழாயடியில் பேச்சு பரவிவிட்டது. அக்கா வாளியோடு வந்ததும் பெண்கள் பிள்ளைகளை இழுத்து முந்தானைக்குள் மறைத்தார்கள். அவர் அரை வாளித் தண்ணீரோடு திரும்பிப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முயலைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"வேணாம் லா, உங்கம்மா ஏசுவாங்க" என்று கதவைச் சாத்தப் பார்த்தார். நான் காலை வைத்துத் தடுத்தேன்.

அவர் முயலைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். நான் ஆறிய உப்புநீரால் பீளையைத் துடைத்து, கீழிமையை மெல்ல இழுத்துப் பார்த்தேன். உள்ளே நூல்போல வெள்ளையாக ஒன்று நெளிந்தது. ஈரத்துணியின் முனையால் ஒற்றி எடுத்தேன். உயிருள்ள புழு. ஈக்கள் கொண்டுவந்து விடுவது அது என்று வளர்ந்தபின் தெரிந்துகொண்டேன். அக்காமேல் தப்பில்லை என்பது தெரிய அன்று எனக்கு அந்தப் படிப்பு தேவைப்படவில்லை.

புழுவைத் தட்டில் போட்டுக் குழாயடிக்குக் கொண்டுபோனேன்.

"பாருங்க! இதுதான் உள்ள இருந்துச்சு. அக்கா என்ன செஞ்சாங்க?"

எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

"அந்தப் புழு வந்ததே அவ கண்ணாலதான்" என்றார் அங்கே நின்ற அம்மா. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

வந்த கோபத்தில் முயல் கூண்டை இழுத்துப் போய் அக்கா வாசலில் வைத்தேன். அவர் பார்க்கச் சாப்பிட்டால் வயிறு வலிக்கும் என்று லயமே பயந்தது. நான் குழாயடி வரை கேட்கும்படி கத்தினேன்.

"அக்கா, பசிக்குது. சோறு போடுங்க!"

அவரை எதிரில் உட்காரவைத்து, எல்லோரும் பார்க்க, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.