வெள்ளிக்கிழமைக்கு ஒரு தனிச்சட்டி

போன மாதம் பேத்தி என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனாள். மெல்பேர்ணில் நாங்கள் இருக்கிற மல்கிரேவிலிருந்து காலையில் வெளிக்கிட்டால் பசிக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்கிற தூரம். "உங்கட பழைய டவுனை நான் பாக்கவேணும், அம்மப்பா" என்று கனநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிக்கழித்து வந்தேன். இந்த முறை முழங்கால் நோகிறது என்றேன். "காரிலதானே போறம், முழங்காலுக்கு அங்க என்ன வேலை?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

பெரிய தெருவில் ஒரு புது உணவகம். உட்கார்ந்ததும் உணவு அட்டையைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "இஞ்ச பாருங்கோ! சிப்ஸை மாட்டுக் கொழுப்பில பொரிக்கினமாம். அதைப் பெருமையா எழுதி வேற வச்சிருக்கினம். யக்!" அவள் சைவம், மரக்கறி தவிர வேறொன்றும் தொடமாட்டாள். அது அவளுடைய அம்மம்மாவிடமிருந்து, என் மனைவியிடமிருந்து, வந்தது. பிறகு, "காரில சொன்னனீங்களே, அம்மம்மாவுக்குப் பிடிச்ச சிப்ஸ் கடை எண்டு. அங்கயும் இதிலதான் பொரிச்சவையோ?" என்றாள்.

நான் தண்ணீர்க் கிளாஸை எடுத்துக் குடித்தேன். நல்லகாலம், பரிமாறுகிற பெடியன் வந்துவிட்டான். ஆனால் குசினிக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது. கொதிக்கும் கொழுப்பின் வாசனை. அது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று உங்களுக்குச் சொல்கிறேன்.

எழுபதுகளின் முற்பாதி. இந்த நாட்டில் ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு. பேராதனையில் கணிதம் படித்துவிட்டு யாழ்ப்பாணத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த என்னை எடுத்து இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மனைவி யோகமும் நானும் வந்து இறங்கியபோது திராட்சை பிடுங்கும் காலம். எங்கள் பக்கம் அதை முந்திரிகை என்போம். தோட்டங்களில் பழம் நசித்துப் புளிக்க வைத்திருந்தார்கள். யோகம் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "இஞ்சருங்கோ, என்னைக் கொண்டுவந்து கள்ளுத் தவறணைக்கையே குடியிருத்திப் போட்டியள்?"

சின்ன ஊர், ஆனால் சாப்பிட இடத்துக்குக் குறைவில்லை, சாப்பிடத் தெரிந்தவனுக்கு. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பேக்கரி. அங்கே 'பை' விற்பார்கள், மாட்டிறைச்சிக் குழம்பை மாவுக்குள் வைத்துச் சுட்டது. கடித்தவுடன் சுடுகுழம்பு நாடியில் வழியும். மதுக்கடையின் பின்னறையில் மத்தியானச் சாப்பாடு. ஒரு இத்தாலியக் குடும்பத்தின் தோட்டத்தில், பழம் பிடுங்கும் நாட்களில், மரத்தடியில் நீள மேசை போட்டு வருகிறவன் போகிறவனையெல்லாம் இருத்திச் சாப்பாடு போடுவார்கள். நான் எல்லா இடத்திலும் சாப்பிட்டேன். பிறப்பால்தான் நானும் சைவம். என் கொள்கை முதலாவது பையோடு வழிந்து போய்விட்டது. வீட்டுக்குப் போகுமுன் வாய் மணக்காமலிருக்கக் கராம்பு சப்புவேன். யோகம் எனக்குப் பல்வலி என்று நினைத்து உப்புத் தண்ணீர் கொதிக்க வைத்துத் தருவாள். நானும் நல்ல பிள்ளையாகக் கொப்பளிப்பேன்.

அவளுக்குச் சாப்பிட இடமில்லை. கடையில் கிடைத்த அரிசி பால்களி காய்ச்சுகிற அரிசி, சோறாக வடித்தால் பசையாகும். பருப்புக்கு மெல்பேர்ணுக்குப் போகவேண்டும். பகல் முழுக்க அந்த வீட்டில் அவளோடு கதைக்க ஒரு சீவன் இல்லை. நான் வேலையால் வரும்போது சில நாள் யன்னலருகே கதிரையைப் போட்டுத் தெருவைப் பார்த்தபடி இருப்பாள். விளக்குப் போட்டிருக்கமாட்டாள்.

அப்போதுதான் கொஸ்டாவின் கடைக்குக் கூட்டிப்போனேன். கிரேக்கன். மீனும் உருளைக்கிழங்குச் சிப்ஸும் விற்கிறவன். அவன் மனைவி எலெனிக்கும் யோகத்துக்கும் ஆங்கிலம் அரைகுறை. ஆகவே இருவரும் கையாலும் கண்ணாலும் கதைத்தார்கள். கடைக்கு முன்னால் இருந்து சாப்பிட ஒரு நீள மர வாங்கு. வெள்ளைத் தாளில் சுற்றின சிப்ஸை மடியில் வைத்து, ஊதி ஊதிச் சாப்பிட்டாள் யோகம். "நெய்யில பொரிச்சமாதிரி ஒரு வாசம், என்ன?" என்றாள். வந்து இறங்கியபிறகு அவள் ஒன்றை ருசித்துச் சாப்பிட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஆனால் அவள் கவனமானவள். அடுத்த வெள்ளிக்கிழமை வாங்கில் இருந்தபடியே என்னை உள்ளே அனுப்பினாள். "மீன் பொரிக்கிற எண்ணெயிலதானோ இதையும் பொரிக்கினம்? ஒருக்காக் கேட்டுக்கொண்டு வாங்கோ."

கேட்டேன். கொஸ்டா பெரிய சட்டியைக் காட்டி, எல்லாம் அதில்தான் என்றான். என் மனைவி மீன் தொடமாட்டாள், அது எங்கள் சமயம் என்றேன். அவன் நெஞ்சில் கைவைத்தான். அவன் தாயும் வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவளாம். "டீச்சர், கவலைப்படாதே. வெள்ளிக்கிழமை உன் மனைவிக்கு மட்டும் தனிச்சட்டி. புதுசு போட்டுப் பொரிக்கிறேன்" என்று சொல்லி, குனிந்து, தாளில் சுற்றின வெள்ளைக் கட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். தட்டிக் காட்டினான். "எண்ணெய் இல்லை, டீச்சர். மாடு. முதல் தரம்."

நாங்கள் மீனுக்கு மட்டும்தான் பயந்திருந்தோம். எங்கள் ஊரில் பொரிப்பதென்றால் தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய். ஒரு பிராணியின் கொழுப்பில் கிழங்கைப் பொரிப்பார்கள் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்?

வெளியே வந்தேன். யோகம் அண்ணாந்து பார்த்தாள். "என்னவாம்?"

"மீன் இல்லை. உமக்கெண்டு வேற சட்டி வைக்கிறானாம்."

"கடவுளே, எவ்வளவு நல்ல மனுசர்" என்றாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்று பலகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மாட்டைப் பற்றிக் கதை எடுத்தால் பேக்கரிவரை அது போகும் என்ற பயம் மற்றப் பாதி. போதாததற்கு நான் படித்தவன். கொழுப்பு என்பது கொழுப்பு, அவ்வளவுதான் என்று நினைக்கிற அளவுக்குப் படித்தவன்.

அடுத்த வருடம் யோகம் கர்ப்பமானாள். எது சாப்பிட்டாலும் சத்தி. தன் சமையல் மணமே அவளுக்குக் குமட்டியது. பிள்ளை சுகமாகப் பிறக்கவேணுமென்று பிள்ளையாருக்கு நேர்ந்து வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தாள். பகலில் பால் மட்டும். பின்னேரம் சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, கொஸ்டாவின் தனிச்சட்டிச் சிப்ஸோடு விரதத்தை முடிப்பாள். அது ஒன்றுதான் வயிற்றில் தங்கியது. எலெனி வாங்குக்கே வந்து கொடுத்துவிட்டு அவள் வயிற்றைத் தடவிவிட்டுப் போவாள். ஒவ்வொரு வெள்ளியும் நான் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு வெள்ளியும் எனக்குத் தெரியும்.

பிள்ளை செத்துப் பிறந்தது. பெரிய ஊர் ஆஸ்பத்திரியில். அந்தக் காலத்து வழக்கப்படி அவளுக்குக் காட்டாமலே கொண்டுபோய்விட்டார்கள். மறந்துவிட்டு இன்னொன்று பெற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். எங்கே புதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

சில கிழமை கழித்து, எலெனி ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்ததற்கு நன்றி சொல்ல யோகம் தனியாகக் கடைக்குப் போனாள். கடை திறக்கிற நேரம். எலெனி சட்டியில் வெள்ளைக் கட்டியைப் போட்டுக்கொண்டிருந்தாளாம். இது என்ன என்று யோகம் கையால் கேட்டிருக்கிறாள். எலெனி தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்து "ம்மா" என்றாளாம், சிரித்தபடி.

நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது யோகம் தலைமுழுகிவிட்டு ஈரத் தலையோடு இருந்தாள். நடந்ததைச் சொன்னாள். பிறகு, "இஞ்சருங்கோ, உங்களுக்கு இது தெரியுமே?" என்று கேட்டாள்.

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். "நான்தான் வடிவாக் கேட்டிருக்கவேணும்" என்றாள். "மீனைக் கேட்டன், மற்றதைக் கேட்கேல்லை. வயித்தில பிள்ளையை வச்சுக்கொண்டு, விரதமும் அதுவுமா... தாய்தானே கேக்கவேணும்."

அந்த நேரத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருந்தால், அவள் கணக்குப்படியே பாவம் எனக்கு வந்திருக்கும். தெரிந்து செய்தவனுக்குத்தானே பாவம். என்னைத் திட்டியிருப்பாள், ஊருக்குப் போகிறேன் என்றிருப்பாள். ஆனால் அந்தப் பிள்ளையின் சாவைத் தன் தலையில் தூக்கியிருக்கமாட்டாள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கையில்லை. அவளுக்கு இருந்தது. சுமந்தவளும் அவள்தான்.

மெல்பேர்ணுக்கு மாறினோம். மகள் பிறந்தாள். யோகம் கடையில் எந்தப் பக்கற்றையும் திருப்பிப் பின்பக்கம் படிக்காமல் வாங்கமாட்டாள். கலியாண வீடுகளில் சமையற்காரரிடம் போய் நின்று கேட்பாள். பிள்ளைகள் "இன்ஸ்பெக்டர் அன்ரி வாறா" என்று பகிடி பண்ணுவார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். த பேசின் என்ற புறநகர்ப் பக்கம் பிள்ளையார் கோயில் வந்தபிறகு வெள்ளிதோறும் போவோம். காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடுவாள், போட்டுக்கொண்டே இருப்பாள். முழங்கால் தேய்ந்தபிறகும், "காணும், யோகம்" என்று நான் சொன்னால் கேட்கமாட்டாள். நான் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

போன வருடம், யோகத்தின் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் தாதி சூப் கொண்டுவந்தாள். "கேட்டனீங்களோ?" என்றாள் யோகம். உண்மையாகவே கேட்டிருந்தேன். "கேட்டனான். சைவம்தான்" என்றேன். "நீங்கள் சொன்னாச் சரி" என்று வாயைத் திறந்தாள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது என்று தெரிந்தும் கரண்டியைத்தான் நீட்டினேன்.

பேத்தியின் தட்டு வந்தது. அவள் உடனே தொடவில்லை. பெடியனைக் கூப்பிட்டு, இந்தச் சீஸில் என்ன, இந்தக் குழம்பில் என்ன, எதில் வதக்கினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அதே குரல். அவன் குசினிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தான்.

"இதை ஆரிட்டப் பழகினனீ?" என்றேன்.

"அம்மம்மாட்டதான். எப்பவும் கேக்கவேணும் எண்டு சொல்லுவா. தான் ஒருக்காக் கேக்காமல் விட்டிட்டாவாம். என்ன எண்டு சொல்லேல்லை. ஜஸ்ட் அழுதவ."

அது எனக்குத் தெரியாது. என்னிடம் அவள் அழுததில்லை.

"உன்ர அம்மம்மா கேட்டவ" என்றேன். "என்னை அனுப்பித்தான் கேட்டவ. நான்தான் வந்து முழுக்கச் சொல்லேல்லை."

பேத்தி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். "வாட் டு யூ மீன், அம்மப்பா?"

சொன்னேன். நான் சொல்லி முடித்தபோது அவளுடைய சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவின் மறுபக்கம், கொஸ்டாவின் கடை இருந்த இடத்தில், வைன் ருசி பார்க்கிற கண்ணாடி அறை. கொஸ்டாவும் எலெனியும் எப்போதோ போய்விட்டார்கள். வாங்கு இருந்த இடத்தில் ஒரு பூச்சட்டி வைத்திருக்கிறார்கள்.