மூன்று நாள் ராக்கெட்

"உனக்குப் பொய் சொல்ல வருமா?" என்று பசை அக்கா கேட்டது ஒரு புதன்கிழமை காலை, ஒன்பதே காலுக்கு.

பக்கத்து மேஜையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தாமல், "எந்த மொழியில?" என்றாள்.

"அடிப்பாவி. ரெண்டு வருஷமா பக்கத்துல உட்கார்ந்திருக்கே, இன்னிக்குத்தான் ஒரு ஜோக் அடிக்கிறே."

"ஜோக் இல்லக்கா. அட்டைன்னா ரெண்டு மொழியிலயும் எழுதணுமே."

"அப்ப ரெண்டுலயும் பொய் எழுது. மூணாம் கூடத்துல ராக்கெட் வச்ச கண்ணாடிப் பெட்டி இருக்குல்ல? அதுல வைக்கணும். 'சுத்தம் செய்ய எடுக்கப்பட்டுள்ளது', அவ்வளவுதான்."

"போன வாரம்தானே சுத்தம் பண்ணீங்க?"

"மறுபடியும் அழுக்காயிடுச்சு."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயேவா?"

அக்கா மேஜைக்கடியிலிருந்து ஒரு பெட்டியைக் காலால் இழுத்து, மேலே போட்டிருந்த துணியை விலக்கினாள். உள்ளே ராக்கெட் கிடந்தது. நடுக் குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. அடியிலிருந்த நான்கு இறக்கைகளில் இரண்டு முறிந்திருந்தன. உச்சியில் நின்ற கம்பிக் கோபுரம் இருந்த இடத்தில் நொறுங்கிய அப்பளம் மாதிரி கொஞ்சம் வெள்ளைத் தூள்.

"பழுதுன்னு எழுதிடாதே. சுத்தம்னு எழுது."

"எப்படிக்கா விழுந்துச்சு?"

"எழுதேன்மா."

அவள் எழுதினாள். கையெழுத்து எப்போதும்போல அழகாகத்தான் வந்தது.

பள்ளிப் பிள்ளைகள் வரிசை கட்டி வந்துபோகும் ஓர் அறிவியல் காட்சிக்கூடம் அது. அதன் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத நீள அறை ஒன்றில், இவர்கள் இருவருக்கும் இரண்டு மேஜைகள். உடைந்ததை ஒட்டுவது அக்காவின் வேலை. எதன் பெயர் என்ன என்று இரண்டு மொழிகளில் அட்டை எழுதுவது அந்தப் பெண்ணின் வேலை. பாதிப் படிப்பை ஒரு மொழியிலும் மீதியை இன்னொன்றிலும் முடித்தவள். பேச்சு மட்டும் இரண்டிலும் குறைவு. "ரெண்டு நாக்கு இருந்தும் ஒண்ணுகூட அசைய மாட்டேங்குது" என்று அக்கா முதல் வாரத்திலேயே அவளுக்கு 'ரெண்டு நாக்கு' என்று பெயர் வைத்துவிட்டாள்.

ஒரு பொருளைச் 'சுத்தம்' என்று எடுத்தால் அந்தக் கூடத்தில் மூன்று நாள்வரை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். திருப்பி வைக்கும்போது பதிவேட்டில் ஒரு கையெழுத்து, அதோடு சரி. 'பழுது' என்றால் அன்றைக்கே சேத அறிக்கை. என்ன உடைந்தது, எப்படி உடைந்தது, யார் கையில் இருந்தபோது உடைந்தது. ஒரே ஆளின் பெயரில் வருஷத்துக்கு மூன்று அறிக்கை சேர்ந்தால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இதைச் சுற்றறிக்கையாகப் போட்டவர் மேற்பார்வையாளர். குழாயை மூடச் சொல்வதற்கும் சுற்றறிக்கை போடுகிறவர் என்பதால் அவர் பெயரே சுற்றறிக்கை என்றாகிவிட்டது. அந்த வருஷம் அக்காவின் பெயரில் ஏற்கெனவே இரண்டு இருந்தன: கிரக மாதிரியின் வளையம் ஒன்று, காது மாதிரியின் குட்டி எலும்பு ஒன்று. இது மூன்றாவது.

அக்காவின் வலது கை நடுங்கத் தொடங்கி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் அவள் அங்கே தரை கூட்டத்தான் வந்தாள். ஒருநாள் ஏதோ ஒரு வகுப்பின் நெரிசலில் மனிதக் கண்ணின் பெரிய மாதிரி ஒன்று கீழே விழுந்து நாலாகப் பிளந்தது. குப்பையில் போடச் சொன்னார்கள். அவள் முந்தானையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை கொண்டுவந்து வைத்தபோது, ஒட்டின இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டு சின்ன இடுக்கி ஒன்றைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பசை அக்கா. குழந்தை குட்டி இல்லை. கட்டிக்கொண்டவனைப் பற்றிக் கேட்டால், "அது ஒட்டல, விட்டுட்டேன்" என்பாள். அதற்குமேல் கேட்க யாருக்கும் வாய் வராது.

அவள் இருந்தது அண்ணியோடு, இரண்டு அறை வீட்டில். அண்ணன் இறந்து ஆறு வருஷம். தையல்காரர். அவருக்கும் நடுக்கம் இப்படித்தான் கட்டைவிரலில் ஆரம்பித்தது. இரண்டு வருஷம் அக்காதான் ஊசி கோத்துக் கொடுத்தாள். வாடிக்கையாளர்கள் கோணல் தையலைப் பார்த்துவிட்டு, "பிரமாதம்ணே" என்று வாங்கிக்கொண்டு போய், அடுத்த முறை வேறு கடைக்குப் போனார்கள். மெஷின் வீட்டைவிட்டுப் போன பிறகு அவர் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார். நாலு வருஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அந்தச் சுவர் இன்னும் அங்கேயேதான் இருக்கு" என்றாள் அக்கா, புதன்கிழமை மதியம், முறிந்த இறக்கையின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே. "இந்த மேஜையை விட்டு எழுந்தேன்னு வை, அதுக்கு எதிர்லதான் எனக்கும் நாற்காலி."

"டாக்டர்கிட்ட..."

"போனா இதுக்கு ஒரு பேர் வச்சுடுவான். அண்ணனுக்கும் வச்சான். பேர் வச்சதும் எழுந்திரிச்சாரா?" கொஞ்ச நேரம் தேய்த்தாள். "அண்ணிக்குத் தெரியும். வாயால ஒண்ணும் சொல்லல. 'ஊருக்கெல்லாம் ராக்கெட் ஒட்டுறா, வீட்ல குக்கர் மூடியைப் போடத் தெரியல'ன்னு திட்டுறா. ஆனா ஒரு மாசமா டம்ளர்ல பாதிதான் ஊத்திக் குடுக்கிறா."

ரெண்டு நாக்கு அட்டையைப் பார்த்துக் கோடு போட்டாள். போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டாள்.

புது ராக்கெட் வேண்டுமென்று கேட்டால் காரணம் எழுத வேண்டும். கையில் இருந்தது மிச்சப் பெட்டி மட்டும்தான். சனிக்கிழமை வகுப்புகளில் பிள்ளைகள் சின்ன ராக்கெட் கிட்டுகளை ஒட்டப் பழகுவார்கள். பாதி ஒட்டிவிட்டுப் போனது, அவசரத்தில் விட்டது, பூனையா ராக்கெட்டா என்று தெரியாமல் நின்றது எல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் வரும். அக்கா அதைத் தரையில் கவிழ்த்தாள். சட்டத்திலிருந்து பிய்க்கப்படாத இறக்கைகள் மூன்று கிடைத்தன. உச்சிக் கோபுரத்துக்கான கம்பிகள் ஒரே ஒரு சட்டத்தில் முழுசாக இருந்தன. குழாய்களும் சில கிடைத்தன.

குழாயில்தான் தவறு நடந்தது.

அந்தப் பெட்டியில் இரண்டு விதக் கிட்டுகள் கலந்து கிடந்தன. ஒன்று உண்மையான ராக்கெட்டின் தொண்ணூற்றாறில் ஒரு பங்கு அளவு. மற்றது நூறில் ஒரு பங்கு. ஒரே படம், ஒரே வெள்ளை. பிரித்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அக்கா இத்தனை வருஷமும் அளவுகோலைத் தொட்டதில்லை. குழாய்க்குள் கட்டைவிரலை ஒரு சுற்று சுற்றுவாள், அளவு இன்னதென்று சொல்லிவிடுவாள். இந்த முறை அந்தக் கட்டைவிரல்மேல்தான் அவளுக்கு நம்பிக்கை போயிருந்தது. நுண்ணளவு பார்க்கும் வெர்னியரை எடுத்தாள். நடுங்குகிற கையில் வெர்னியரும் நடுங்கியது. தேவைப்பட்ட அதே அறுபத்தொன்பது மில்லிமீட்டர் என்று படித்தாள். குழாயை அடுத்த பகுதியோடு ஒட்டி, நூல் சுற்றிக் காயவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை கீழ்ப்பகுதிமேல் அதை வைத்ததும் அது பொத்தென்று உள்ளே இறங்கியது.

அக்கா கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றினாள். "அறுபத்தாறு" என்றாள். "நூத்துல ஒண்ணு. நேத்தே இந்த விரலைக் கேட்டிருந்தா சொல்லியிருக்கும்."

பிய்க்கவும் முடியாது. பசை இரண்டு பிளாஸ்டிக்கையும் ஒன்றாக உருக்கியிருந்தது. தொண்ணூற்றாறில் வேறு குழாயும் இல்லை. அவள் நாற்காலியில் சாய்ந்து, "போச்சு" என்றாள். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும், யாரோ கேட்டதுபோல, "போச்சு" என்றாள்.

ரெண்டு நாக்கு எழுந்து போய், தன் அலமாரியிலிருந்து தடித்த அட்டையில் ஒரு தாள் எடுத்து, விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, அக்காவின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். அக்கா அதையே பார்த்தாள். பிறகு குழாயின் கழுத்தில் சுற்றத் தொடங்கினாள். ஐந்து சுற்று சுற்றியதும் ஆடாமல் உட்கார்ந்தது. வெளியே தெரிந்த படியைப் பட்டி பூசிச் சரித்து, தேய்த்து, அதன்மேல் கறுப்பில் ஒரு வளையம் அடித்தாள். வளையத்தின் ஓரம் அலையடித்தது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தாள். ஐந்தாவது தடவை நேராக வந்தது.

"மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவு" என்றாள். "உன் அட்டை என்னடி சொல்லுது?"

"தொண்ணூற்றாறில் ஒரு பங்கு."

"சொல்லட்டும்."

வெள்ளிக்கிழமை கோபுரம் மட்டும் பாக்கி. தீக்குச்சி உயரம். தலைமுடி கனத்தில் பதினாறு கம்பிகள். ஒவ்வொன்றையும் இடுக்கியால் பிடித்து, நுனியில் பசை தொட்டு, இடத்தில் வைத்து, இருபது எண்ணும்வரை அசையாமல் இருக்க வேண்டும். அக்கா மணிக்கட்டைச் செங்கல்மேல் வைத்துப் பார்த்தாள். மணல் பைமேல் வைத்துப் பார்த்தாள். ஏழாவது கம்பியில் ஒருமுறை சரிந்தது. ஒன்பதாவதில் ஒருமுறை சரிந்தது. பதினோரு மணிக்கு, நாலாவதிலேயே சரிந்தது. இரண்டு கம்பிகள் வளைந்துபோயின. இன்னொன்று ஒடிந்தால் மாற்று இல்லை.

பன்னிரண்டரைக்குக் கோபுரம் ராக்கெட்டின் உச்சியில் நின்றது. நடுவில் நடந்தது அந்த இருவருக்கு மட்டும் தெரியும்.

நாலு மணிக்குச் சுற்றறிக்கை பதிவேட்டோடு மூன்றாம் கூடத்துக்கு வந்தார். "என்னக்கா, மூணு நாள் சுத்தமா? நிலாவுக்கே போயிட்டு வந்துருச்சா?" பெட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "புதுசு மாதிரி மின்னுது. கைன்னா இது கை." பதிவேட்டைத் திறந்து பேனாவை நீட்டினார்.

அக்கா பேனாவை வாங்கினாள். மணிக்கட்டைப் பெட்டியின் விளிம்பில் அழுத்திக்கொண்டாள். பேனா நுனி தாளைத் தொட்டதும் தட்டத் தொடங்கியது. டக் டக் டக் என்று, மழைத்துளி மாதிரி. அவள் விடவில்லை. எழுதி முடித்தாள்.

"பஸ்ல உட்கார்ந்தா கையெழுத்து போடுறீங்க?" என்று சிரித்தவர் தாளைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டு பக்கம் முன்னால் புரட்டினார். அங்கே அதே பெயர், அச்சடித்ததுபோல உருண்டையாக. இங்கே எறும்பு நடந்ததுபோல.

"எத்தனை நாளா அக்கா?"

"போட்டுட்டேன் சார்" என்றாள் அவள், பேனாவை மூடிக்கொண்டே. மூடி பொருந்தவில்லை.

அவர் குனிந்து ராக்கெட்டை மறுபடி பார்த்தார். இந்த முறை கறுப்பு வளையத்தின் அருகில் அவர் விரல் நின்றுவிட்டது. வெகுநேரம் நின்றது. பிறகு அட்டையோடு நின்ற ரெண்டு நாக்கின் பக்கம் திரும்பினார். "நீ பக்கத்து மேஜைதானே? இவங்க கை எப்படி இருக்குன்னு நீ பார்த்தியா, இல்லையா?"

"நான் பார்க்கல சார்" என்றாள் ரெண்டு நாக்கு.

அக்கா அவளைப் பார்த்தாள்.

அவர் கெட்டவர் இல்லை. சேத அறிக்கையை அவரே எழுதினார். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் மருத்துவச் சீட்டு வந்தது. அதற்கு அடுத்த மாதம் அக்காவை மாடிக்கு மாற்றினார்கள், பிள்ளைகளின் பைகளை வாங்கி வைத்து எண் வில்லை கொடுக்கும் இடத்துக்கு. மேஜையைக் காலி செய்யும்போது அவள் இடுக்கியை எடுத்துக்கொள்ளவில்லை. மாடிப் படியேறும்போதே வில்லைகள் அவள் கையில் கிலுகிலுக்கும் சத்தம் கேட்கும். அவள் நாற்காலிக்கு எதிரே ஒரு சுவர். ராக்கெட் மூன்றாம் கூடத்திலேயே நிற்கிறது. அட்டை இரண்டு மொழியிலும் தொண்ணூற்றாறில் ஒரு பங்கு என்றே சொல்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கோபுரம் மூன்றாவது முறை சரிந்தபோது அக்கா இடுக்கியைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அட்டை வெட்டும் சத்தமும் நின்றுவிட்டது.

பிறகு அக்கா திரும்பாமலே கூப்பிட்டாள்.

"இங்க வாம்மா. என் மணிக்கட்டை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கோ. வலிச்சா வலிக்கட்டும், விட்டுடாதே. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கோ."