வேகனுக்குள் விரித்த ரப்பர் சீட்

எங்கள் பழைய ஸ்டேஷன் வேகனை இன்று யட்டியாந்தோட்டை கராஜுக்குக் கொண்டுபோனேன். பெயின்ட் வேலை மட்டும்தான் மிச்சம் என்று நம்பியிருந்தேன்.

அது முடிந்தால் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றி இறக்கி நாலு காசு பார்க்கலாம். மனைவி ரப்பர் பால் வெட்டப் போவதை நிறுத்திவிடலாம்.

கராஜ் நானா கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினார்.

“தம்பி, என்ன நாத்தம் இது?”

“ரப்பர் சீட்டுங்க நானா. மழத்தண்ணி உள்ள வருதுன்னு கால்மிதிக்கு அடியில விரிச்சிருக்கேன்.”

வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மரங்களின் பாலில் நானே அடித்த சீட். எங்கே ஒழுகினாலும் நாங்கள் அதைத்தான் விரிப்போம்.

நானா அதைப் பிடித்து இழுத்தார். அடித்தகடும் துண்டு துண்டாக அதோடு கழன்று வந்தது. ஓட்டை வழியாகக் கராஜ் தரை தெரிந்தது.

“பால் உறைய அசிட் ஊத்துறது நீங்கதானே? அத இரும்புல ஒட்டி வச்சா என்ன மிஞ்சும்?”

சின்ன வயதிலிருந்து அந்த அசிட்டை ஊற்றுகிறவன் நான்.

“வெல்டிங் வச்சு எடுக்க முடியாதாங்க?”

“வெல்டிங் பிடிக்கவும் கொஞ்சம் தகடு வேணுமே தம்பி.”

மனைவிக்குப் போனில் சொன்னேன்.

“சரிங்க. அப்ப நான் நாளைக்குப் பால் வாளிய கழுவி வைக்கிறேன்.”

போன வாரம் ஆசைப்பட்டுப் பூட்டிய ரிவர்ஸ் கேமரா மட்டும் நன்றாக வேலை செய்கிறது. அதைப் பூட்டுவதற்கு யாரிடமாவது ஒரு வாகனம் இருந்தால் சொல்லுங்கள்.