பிரசவ அறையில் ஒரு விடுமுறை

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆடி முடியும் சமயம். வாலாஜாபாத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு பழைய கட்டடத்தில் நானும் என் கணவரும் தங்கப் போனோம்.

ஒரகடம் பக்கம் வாடகை வீடு எங்களுக்கு. அவர் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருக்கிறார். நான் செல்போன் கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை பார்த்தேன். அதற்குச் சில மாதம் முன்னால், எட்டாம் மாதக் கர்ப்பத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. பெண் குழந்தை. மயக்கம் தெளிந்து நான் கேட்டபோது, எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். முகத்தைக்கூடக் காட்டவில்லை. பார்த்தால் தாங்கமாட்டேன் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். அதன்பிறகு எங்களுக்குள் பேச்சு என்பது சாப்பிட்டாச்சா, எந்த ஷிஃப்ட் என்பதோடு நின்றுபோனது. நான் வேலைக்குத் திரும்பவேயில்லை.

கூட வேலை செய்பவர் யாரோ சொல்லி, என் கணவர்தான் அந்த இடத்தைப் பிடித்தார். பழைய கட்டடத்தைப் புதுப்பித்து, இரண்டு மூன்று நாள் தங்க வாடகைக்கு விடுகிறார்கள். அடுப்பு, பாத்திரம் எல்லாம் இருக்கும். சமையல் நாமே செய்துகொள்ள வேண்டும்.

"நான் சமைக்கிறேன். நீ சும்மா உக்காரு, அது போதும்" என்றார். போகும் வழியில் கத்திரிக்காய், முருங்கைக்காய், கருவாடு என்று பார்த்துப் பார்த்து வாங்கினார்.

இடம் அழகாகத்தான் இருந்தது. கனத்த சுவர், உயரமான கூரை, சில்லென்று சிவப்புத் தரை. பையை வைக்கப் படுக்கையறைக்குப் போனவள், வாசலுக்கு மேலே பார்த்தேன். கல்லில் வெட்டிய எழுத்து. நன்றாகத் தேய்த்துத் துடைத்து, மேலே சின்னதாக ஒரு விளக்கும் போட்டிருந்தார்கள்.

'பிரசவ அறை.'

பின்னால் வந்த அவரும் படித்துவிட்டார். "சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார். வாட்ச்மேனைக் கேட்டதற்கு, முன்பு அது மிஷன் ஆஸ்பத்திரி என்றும், மூடி ரொம்ப காலம் பாழாகக் கிடந்தது என்றும் சொன்னார். பழைய கல்லாம். பார்க்க நன்றாக இருக்கிறதென்று எடுக்காமல் விட்டார்களாம்.

கிளம்பிவிடலாம் என்று அவர் பைகளைத் திரும்ப வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தார். அப்போது கேட்டருகே பேச்சு கேட்டது. ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா கையில் சாமந்திப் பூச்சரத்தோடு நின்றிருந்தார். "கெஸ்ட்டு வந்துகிறாங்க, இன்னிக்கி உள்ள வுட முடியாது" என்று வாட்ச்மேன் மறித்துக்கொண்டிருந்தார்.

"வருசா வருசம் வர்றவதான நானு. அஞ்சு நிமிசம் வுடுப்பா."

எங்களுக்கு ஒன்றும் இல்லை, விடுங்கள் என்றேன்.

அந்த அம்மா நேராகப் பின்பக்கம், கார் நிறுத்தும் இடத்துக்குப் போனார். தரை முழுக்க சிமென்ட் கல். அங்கே கொஞ்சம் நின்று, இங்கே கொஞ்சம் நகர்ந்து பார்த்தார். "வேப்ப மரம் ஒண்ணு இருந்திச்சி. அதும் கீழதான் என் கொயந்தய வச்சோம். பொறந்த அன்னிக்கே பூட்ச்சி. மரத்த வெட்டிட்டாங்க, இப்ப எடம் தெரியல. குத்துமதிப்பா வச்சிட்டுப் போறேன்."

பூவை வெறும் கல்மேல் வைத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்தே, "உனக்குமா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

"எப்பக்கா சரியாவும்?"

"சரியாவாதும்மா. எனக்கு அப்பறம் ரெண்டு பசங்க பொறந்தாங்க. ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போறானுங்க. இன்னமும் மழ பேஞ்சா, இது இங்க நனைஞ்சிகினு கெடக்குமேன்னு தோணும்." என் பக்கம் திரும்பி, "உன்னுத எங்க வச்சிகிறாங்க?" என்றார்.

அத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட நான் அதைக் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். என் கணவர் சுவரோரம் நின்றிருந்தார்.

"பாப்பாவ எங்க வச்சீங்க?"

"எங்க ஊரு ஏரிக்கரையில. நானும் அண்ணனும்தான்."

"என்னைக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எடம் இல்லம்மா. அப்பப்ப நான் மட்டும் போயி நின்னுட்டு வருவேன். ஒரு நாள் போனா, மண்ணு எடுக்க கரையையே வெட்டி அள்ளிட்டாங்க. பெரிய பள்ளம்தான் இருந்துச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அந்த அம்மா, தான் வைத்த பூச்சரத்தை எடுத்து, பாதியாகப் பிய்த்து, ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றாக வைத்தார். பிறகு என் தலையை ஒரு முறை தொட்டுவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

சமைக்காமலே அன்று மாலை திரும்பி வந்தோம். இதுவரை எங்களுக்கு வேறு குழந்தை இல்லை. அந்த அம்மா சொன்ன மாதிரி, எதுவும் சரியாகவும் இல்லை. அதுவரை எனக்காக மட்டும்தான் அழுதுகொண்டிருந்தேன். இப்போது, யாரிடமும் சொல்ல முடியாமல் அந்தப் பள்ளத்தின் முன்னால் தனியாக நின்ற மனிதரை நினைத்தும் அழுகிறேன்.