ஆணி அடிக்காத பார்

2005-ல் எனக்கு இருபத்தெட்டு வயது. ஆரோவில்லில் ஒரு கட்டடக்கலைஞரிடம் ஆறு வருடம் வரைபடம் போட்டுவிட்டு, தனியாக வேலை எடுக்கத் தொடங்கியிருந்தேன். கிடைத்த முதல் பெரிய வேலை மரக்காணத்தில், உப்பளங்களை ஒட்டி நின்ற பழைய பங்களா. வெள்ளைக்காரர் காலத்தில் உப்பு இலாகா அதிகாரிகள் இருந்த இடம். பாண்டிச்சேரி ஓட்டல்காரர் ஒருவர் அதை வாங்கி, மாடியில் அறைகளும் கீழே பெரிய கூடத்தில் பாரும் வைக்க நினைத்தார். உள்ளே இருக்கப்போவது எல்லாமே என் பொறுப்பு.

முதல் நாள் கூடத்துச் சுவரைத் தட்டினேன். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் பொள்ளென்று சத்தம் கேட்டது. எப்போதோ யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறிய உப்பு ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சையே தள்ளிவிட்டிருந்தது.

முதலாளி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "சுவர் பூரா கருப்பு டைல்ஸ் ஒட்டிடலாங்க. அதுமேல ஷெல்ஃப் அடிச்சா பளபளன்னு இருக்கும்."

"டைல்ஸ் நிக்காது சார். சிமெண்ட்ட எடுத்துட்டு சுண்ணாம்பு பூசலாம், அது ஈரத்த வெளிய விடும். சுவத்துல ஒரு ஆணிகூட வேணாம், துருப்பிடிச்சு பூச்ச உடைச்சிடும்."

"ஆணி அடிக்காம பாட்டில எங்க வெக்கறதும்மா, தலையிலயா?"

பக்கத்தில் நின்ற ஆசாரி சிரித்துவிட்டார். அவர் கோட்டக்குப்பத்துக்காரர். பல வருடம் துபாய் ஓட்டல்களில் தச்சு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். குடிப்பவர் இல்லை, ஆனால் பார் கவுண்டர் செய்வதில் கெட்டிக்காரர். "நானும் எத்தனையோ பார் செஞ்சிருக்கேன் மேடம். எல்லாமே சுவத்தோட சேத்து அடிக்கறதுதான்" என்றார்.

இரண்டு பேரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் விடவில்லை. "பாதிச் சுவர் உங்க இஷ்டம் சார், பாதி என் இஷ்டம். மழை முடியட்டும். எது நிக்குதோ அத செய்யலாம்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. என் சுண்ணாம்பும் சேர்ந்து விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று தினமும் நினைப்பேன். ஒரு மத்தியானம் ஆசாரி போன் செய்தார். "உடனே வாங்க மேடம்." என்னவென்று சொல்லவில்லை.

பஸ் பிடித்துப் போனேன். டைல்ஸ் நாலு கீழே விழுந்து உடைந்து கிடந்தன. மிச்சமிருந்தவற்றைத் தட்டினால் பொள்ளென்றன. என் பாதிச் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஈரமாக இருந்தது, ஆனால் பூச்சு அசையவில்லை. மேலே வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை ஆசாரி துடைப்பத்தால் தட்டினார், உதிர்ந்துவிட்டது. முதலாளி உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்தார். "சரிங்க, உங்க இஷ்டப்படியே பண்ணுங்க."

"நான் சொன்னது தப்பு மேடம்" என்று சொல்லிவிட்டு, ஆசாரி அப்போதே பென்சிலை எடுத்துக்கொண்டு என் வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்தார். சுவரைத் தொடாமல், கூடத்தின் நடுவே கவுண்டரை நிறுத்தினோம். இரும்பு அந்தக் காற்றில் ஒரு வருடம் தாங்காது என்பதால், தேக்கு உத்திரத்திலிருந்து பித்தளைக் கம்பிகளை இறக்கி ஷெல்ஃப்களைத் தொங்கவிட்டோம். மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் வரும்போது, பாட்டில்கள் அந்தரத்தில் நிற்பதுபோல் தெரியும்.

2006 சித்திரையில், திறப்பதற்கு முந்தின வாரம், அம்மாவை அழைத்துப்போனேன். எதிரிலிருக்கும் உப்பளத்தில் முப்பது வருடம் வேலை செய்தும் அம்மா அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததே இல்லை. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இங்க உக்காரலாமா?" என்றார். உயரமான ஸ்டூலில் ஏற்றி உட்காரவைத்தேன். முதலாளியே எலுமிச்சை சோடா போட்டுக் கொடுத்தார்.

"உங்க பொண்ணு ரொம்பப் பிடிவாதக்காரிம்மா."

"பின்ன? உப்பு என்ன பண்ணும்னு எம் பொண்ணுக்குத் தெரியாதா?" என்றார் அம்மா.

அடுத்த மழைக்காலம் முடிந்து ஒரு நாள் போய்ப் பார்த்தேன். வெயிட்டர் ஒருவர் வெளியூர்க்காரர்களிடம் ஷெல்ஃபைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். என்னை அவருக்குத் தெரியாது. "யாரு டிசைன் பண்ணது?" என்று அவர்கள் கேட்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

"நான்தாங்க."